ஒரு அவுட் குறைவு

தன் கையால் எழுதிய சட்டம் தன் கழுத்துக்கே வந்து நிற்கும் என்று நார்பர்ட் ஸ்டூபர் பதினாறு வருஷத்துக்கு முன் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அமெரிக்காவில் ஷெபாய்கன் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பத்துப் பேர் சேர்ந்து ஆரம்பித்த கற்பனை பேஸ்பால் லீக் அது. மைதானத்தில் ஆடுகிற நிஜ ஆட்டக்காரர்களை மார்ச் மாதம் ஒருநாள் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் செப்டம்பர் வரை, அங்கே அவன் அடித்தால் இங்கே இவருக்குப் புள்ளி. வாரா வாரம் இரண்டிரண்டு பேராக மோதுவார்கள். கடைசியில் முதல் நான்கு இடத்தில் இருப்பவர்கள் பிளேஆஃப் என்கிற இறுதிச் சுற்றுக்குப் போவார்கள்; மற்ற ஆறு பேரும் அடுப்படியில் நின்று அந்த நால்வருக்கும் சமைத்துப் போட வேண்டும்.

நார்பர்ட்டை எல்லோரும் நார்ப் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் எழுதும் வேலையை அவர் தானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டார். சுருள் கம்பி போட்ட நோட்டில் மொத்தம் பதினோரு விதி. அதில் ஒன்பதாவது: தொடர்ந்து ஐந்து வருஷம் பிளேஆஃப் போகாதவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். டேல் என்று ஒருவன் அணியை அம்போவென்று விட்டுவிட்டு ஏரியில் மீன் பிடித்துக்கொண்டே இருந்தான். அவனைத் துரத்துவதற்காக எழுதியது. டேல் போய்விட்டான். விதி போகவில்லை. இப்போது நார்புக்கு ஐந்தாவது வருஷம்.

விஷயம் தெரியாமல் தோற்கிறவர் இல்லை அவர். எந்த வீச்சாளனுக்குத் தோள் வலி, எவன் ஈரக் காற்றில் சொதப்புவான், எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். ஆனால் தன் அணி என்று வந்தால் மனசு குறுக்கே வந்துவிடும். முப்பத்தெட்டு வயதில் முழங்கால் தேய்ந்து நொண்டுகிற ஒருவனைக் கண்டால், "பாவம், இந்த வருஷம் எழுந்துடுவான் பாரு" என்று அவனைத்தான் எடுப்பார். அவனும் எழ மாட்டான், இவரும் எழ மாட்டார்.

ஜூன் மாதம் அவர் ஓய்வு பெற்றார். முப்பத்தோரு வருஷம் பேருந்துக் கொட்டகையில் கிண்டலும் காபியுமாகக் கழிந்த மனுஷர், திடீரென்று வீட்டுப் புல்லை வாரத்துக்கு மூன்று தடவை வெட்ட ஆரம்பித்தார். புல்லுக்கே போரடித்திருக்கும். லீக்கும் கையை விட்டுப் போனால் அந்தக் கூட்டம் தன்னைக் கூப்பிட ஒரு காரணமும் மிஞ்சாது என்று அவர் உள்ளூர நடுங்கினார். மனைவி ஆர்டிஸிடம்கூட இதைச் சொல்லவில்லை.

கடைசி வாரம் வந்தபோது நார்ப் ஐந்தாம் இடம். நான்காம் இடத்தில் மார்லிஸ். கொட்டகையில் உட்கார்ந்து எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று வானொலியில் விரட்டுகிறவள் அவள்தான். பதினொரு வருஷமாக நார்பையும் விரட்டியவள். அட்டவணைப்படி அந்த வாரம் மோத வேண்டியது சாட்சாத் அவர்கள் இருவரும். ஜெயிக்கிறவர் உள்ளே, தோற்கிறவர் வெளியே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல எல்லோரும் லைல் வீட்டு கராஜில் கூடினார்கள். லைல் நார்போடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவன். முதலிடத்தில் இருந்த திமிரில் சட்டைப் பொத்தான் தெறிக்க நின்று, பீரில் வேகவைத்த பிராட் சாசேஜ்களைக் கரி அடுப்பில் புரட்டிக்கொண்டிருந்தான். சுவரில் டிவி. அடுத்த ஞாயிறு ஃபுட்பால் தொடங்கிவிட்டால் பேஸ்பாலை இந்த ஊரில் சீந்துவாரில்லை.

நார்ப் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தார். வாரத்துக்கு மொத்தம் பத்துப் புள்ளி: மட்டைக்கு ஐந்து, பந்து வீச்சுக்கு ஐந்து. மட்டையில் அவர் நான்குக்கு ஒன்று முன்னிலை. வீச்சில் ஐந்தும் மார்லிஸுக்கு. ஆக, ஆறுக்கு நான்கு, மார்லிஸ் பக்கம். மட்டைக் கணக்கு இனி மாறாது. நார்பின் வீச்சாளர்கள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். மார்லிஸுக்கு மட்டும் இன்று ஒருவன் பாக்கி: கிரேடி சோமர்ஸ், இருபத்திரண்டு வயது, இடி மாதிரி வேகம், பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. கையில் இருக்கும் முன்னிலையை அவனை நம்பிக் கெடுத்துக்கொள்வானேன் என்று அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டாள். புத்திசாலித்தனம்தான்.

அப்போதுதான் நார்பின் கண் அந்தச் சின்ன எண்ணில் விழுந்தது. மார்லிஸின் வீச்சாளர்கள் அந்த வாரம் வீசியது பத்தொன்பது இன்னிங்ஸ், இரண்டு அவுட். மூன்று அவுட் சேர்ந்தால்தான் ஒரு இன்னிங்ஸ்.

ஏழாவது விதி: வாரத்தில் இருபது இன்னிங்ஸ் முழுசாக வீசாத அணிக்கு வீச்சுப் புள்ளி கிடையாது; ஐந்தும் எதிராளிக்கு.

ஒரே ஒரு அவுட் குறைகிறது. அவள் கவனிக்காவிட்டால் ஒன்பதுக்கு ஒன்று நார்ப் ஜெயித்து, பிளேஆஃபும் போய், நாற்காலியும் தப்பிவிடும். சோமர்ஸ் ஆடும் ஆட்டம் மத்தியானம் மணி ஒன்று பத்துக்கு. அதற்கப்புறம் ஆளை மாற்ற முடியாதபடி பட்டியலில் பூட்டு விழுந்துவிடும். இப்போது மணி பன்னிரண்டே கால்.

'பேசாதே,' என்று நார்ப் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஏமாற்று ஒன்றும் இல்லையே. அவரவர் கணக்கை அவரவர் பார்க்க வேண்டியதுதான். வாய்க்குக் காவலாக ஒரு பிராட்டை எடுத்துத் திணித்தார். அது தீர்ந்ததும் இன்னொன்று. மார்லிஸ் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்ன நார்ப், இன்னைக்குப் பசி அதிகமா? கடைசி விருந்துன்னு நினைச்சுச் சாப்பிடறீங்களா?"

"உம்," என்றார் வாய் நிறைய.

"வருத்தப்படாதீங்க. உங்களை மாதிரி தோத்துக்குடுக்க அடுத்த வருஷம் ஆளைத் தேடணுமேன்னு எங்களுக்குத்தான் கவலை."

கராஜே சிரித்தது. நார்பும் தலையாட்டினார். வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பார். கடிகாரம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

லைல் இடுக்கியோடு வந்து அவள் போனை எட்டிப் பார்த்தான். "சின்னப் பையனை உக்கார வெச்சுட்டியா? சரிதான். பதினெட்டு இன்னிங்ஸ்தான் தாண்டிட்டியே, அப்புறம் என்ன பயம்?"

நார்ப் மெல்லுவதை நிறுத்தினார்.

"பதினெட்டா?" என்றாள் மார்லிஸ்.

"ஆமா, ஏழாவது விதி. பதினெட்டுதானே நார்ப்? டேய், உன்னைத்தான் கேக்கறேன். எழுதினவனுக்கே மறந்துபோச்சு போல. வயசாயிடுச்சு, விடு. பதினெட்டேதான்."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தன் எதிரில் தன் சட்டத்தை ஒருவன் தப்பாகச் சொல்ல, பதினாறு வருஷத்தில் நார்ப் ஒருநாளும் பொறுத்தவர் இல்லை.

"இருபது!" என்று எழுந்து நின்று கத்தினார். "இருபது, முழுசா! பதினெட்டுன்னு எந்த மடையன்டா உனக்குச் சொன்னது? நோட்டைக் கொண்டுவா!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மார்லிஸ் போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். அவள் முகம் வெளுத்தது.

"எனக்கு இருபது ஆச்சே! நேத்து என் வீச்சாளன் ஏழாவது இன்னிங்ஸ்ல ரெண்டு அவுட் எடுத்தான். மூணாவதையும் எடுத்துடுவான்னு டிவியை அணைச்சுட்டு சோளம் வேகவெக்கப் போனேன்..."

"எடுக்கல," என்றார் நார்ப், ஈனக் குரலில். "மேனேஜர் வந்து பந்தை வாங்கி வேற ஆள்கிட்ட குடுத்துட்டாரு."

"தெரிஞ்சுக்கிட்டே இவ்வளவு நேரமா தின்னுக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா. மூணு பிராட்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். கோபமா சிரிப்பா என்று அவருக்குப் புரியவில்லை. அடுத்த நொடி சோமர்ஸைப் பெஞ்சிலிருந்து இழுத்து அணியில் போட்டாள். மணி ஒன்று மூன்று.

இனி அவன் வீசுவது எல்லாம் கணக்கில் சேரும். ஒரு அவுட்டோடு நிறுத்திக்கொள்ள முடியாது. நான்கு ஓட்டம் கொடுத்தான் என்றால் வீச்சில் இரண்டு புள்ளி கைமாறி, ஆறுக்கு நான்கு என்று நார்ப் ஜெயித்துவிடுவார். நார்புக்கு உயிர் திரும்பி வந்தது.

பையன் ஏமாற்றவில்லை. முதல் இன்னிங்ஸிலேயே குறி தப்பித் தப்பி வீசி, இரண்டு பேரை அடிக்காமலே முதல் தளத்துக்கு நடக்கவிட்டான். மூன்றாமவன் பந்தைக் கூட்டத்துக்குள் அடித்தான். மூன்று ஓட்டம். மார்லிஸ் காகிதத் தட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். நார்ப் உட்கார மறந்து நின்றார். அதற்கப்புறம் அந்தப் பையனுக்கு என்ன வந்ததோ, நான்கு இன்னிங்ஸ் ஒருவனையும் அசைய விடவில்லை. ஆறாவதில் இரண்டு அவுட் ஆனபின் மறுபடி ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து வேலியைத் தாண்டப் போகிறது. சோமர்ஸின் அணியில் இடது மூலையில் நின்றவன் வேலிமேல் கால் வைத்து ஏறி, முழங்கை வரை அந்தப் பக்கம் நீட்டி, அதைப் பறித்துக்கொண்டு கீழே விழுந்தான்.

"அடடாடா!" என்று முதலில் கை தட்டியவர் நார்ப்தான். "பாத்தீங்களாடா! என்னா பிடிடா அது!"

கராஜில் வேறு யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: அந்தப் பிடியோடு அவர் கதை முடிந்துவிட்டது. சோமர்ஸை வெளியே எடுத்துவிட்டார்கள். மூன்றே ஓட்டம். ஆறுக்கு நான்கு, மார்லிஸ்.

"ஒன்பதாவது விதியைக் கிழிச்சுப் போடுவோம்," என்றான் லைல், இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு. "இங்க யாரும் எதிர்க்கப் போறதில்ல."

"நான் எதிர்க்கறேன்," என்றார் நார்ப். "டேலை அனுப்பினப்ப கிழிச்சோமா? எனக்குன்னா மட்டும் கிழியுமா?" நோட்டை எடுத்து மார்லிஸிடம் கொடுத்தார். "உன் கையெழுத்துதான் அழகா இருக்கும். நீயே வெச்சுக்க."

திங்கட்கிழமை புல் வெட்டினார். வெட்ட ஒன்றும் இல்லை, இருந்தாலும் வெட்டினார். போனைச் சமையலறை மேஜையில் விட்டிருந்தார். இனி யார் கூப்பிடப் போகிறார்கள்?

உள்ளே வந்தபோது, "லைல் ரெண்டு தடவை கூப்பிட்டான்," என்றாள் ஆர்டிஸ். "என்னன்னு சொல்ல மாட்டேங்கறான். திருட்டுத்தனமா பேசறான்."

நார்ப் திருப்பிக் கூப்பிட்டார். லைலுக்கு முதல் சுற்றில் மார்லிஸ்தான் எதிரி. "யாருக்கும் சொல்லாத நார்ப். செவ்வாய்க்கிழமை எந்த வீச்சாளனை இறக்கறது? எனக்கு ஒண்ணும் ஓடல." நார்ப் யோசிக்கவே இல்லை; அடுத்தவன் அணியில் அவருக்குப் பாசம் பந்தம் எதுவும் கிடையாது, அதனால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பிளேஆஃபில் இருந்த இன்னொரு ஓட்டுநர் கூப்பிட்டான். அவனும் யாருக்கும் சொல்லாதே என்றான். அன்று சாயங்காலம் அவனுடைய எதிராளி. நார்ப் யாரிடமும் சொல்லவில்லை. புல் வளர்ந்தது.

புதன்கிழமை நான்கு மணிக்கு, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு லைல் நேரிலேயே வந்து சமையலறை மேஜையில் காகிதங்களைப் பரப்பியிருந்தான். வாசல் மணி அடித்தது. ஆர்டிஸ் கதவைத் திறக்க, மார்லிஸ் நின்றாள், கையில் போன்.

"நார்ப் இருக்காரா? ஒரே நிமிஷம்..." என்றபடி உள்ளே வந்தவள் மேஜையைப் பார்த்தாள். "நீ இங்க என்னடா பண்ற?"

"ஆர்டிஸைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றான் லைல், காகிதங்களை முழங்கையால் மறைத்துக்கொண்டு.

"பொய்," என்றாள் ஆர்டிஸ். "இவன் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

"நீ மட்டும் எதுக்கு வந்தியாம்?" என்றான் லைல்.

மார்லிஸ் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். நார்ப் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து வயசு குறைந்தவர்போல எழுந்து, காலால் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. ரெண்டு பேருக்கும் எதிரெதிர்லயே சொல்றேன். ஒளிச்சு வெக்கறதுக்கு இனிமே எனக்கு அணி இல்ல."

"முதல்ல எனக்கு," என்றான் லைல்.

"நான்தானே நோட்டை வெச்சிருக்கேன், முதல்ல எனக்கு," என்றாள் மார்லிஸ்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது முகத்தில் தெரிந்துவிடுமோ என்று வெட்கமாகவும் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி, துடைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் துடைத்தார்.

"ஆர்டிஸ்," என்றார், "காபி நிறையப் போடு. இவங்க இப்போதைக்குப் போக மாட்டாங்க."