பேய்ப்படகு

"சம்பந்தி, என்கிட்ட ஒரு கேசட் இருக்கு. அதைக் காட்டறதுக்கு முன்னாடி, திட்ட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

மருமகளின் அப்பா வாசற்படிக்கு வெளியே நின்றபடி கேட்டார். கையில் இறுக்கிச் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் பை.

"மொதல்ல உள்ள வாங்க. பாத்துட்டுத்தான் திட்டறதா வேண்டாமான்னு சொல்ல முடியும்."

"அப்போ நான் இங்கயே நிக்கறேன். ஓடறதுக்கு வசதியா இருக்கும்."

மருமகள் உள்ளே இருந்தே குரல் கொடுத்தாள். "அப்பா, நாடகம் போதும். என்ன கேசட்?"

"விளக்குக்காரன்" என்றார் அவர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விளக்குக்காரன் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டு டிவியில் செருகி, கேசட்டை ஓடவிட்டு, அது கீச்சுக் கீச்சென்று கத்தி முடிக்கும்வரை காத்திருந்து விளையாடிய காலத்தில் வந்தது. எண்ணெய்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஏற வேண்டும். வௌவால் இடிக்காமல் மேலே போய் விளக்கை அணையாமல் காக்க வேண்டும். புரோகிராம் எழுதியது என் அண்ணன். படம் எல்லாம் நான். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்து, அதை எண்களாக்கிக் கொடுப்பேன். அதனால் அண்ணன் எனக்கு வைத்த பெயர் புள்ளி.

"ஏய் புள்ளி, உன் வௌவாலுக்கு இறக்கை பெருசா இருக்கு. மெமரில இடமில்ல. சுருக்கு."

"சுருக்கினா அது ஈயாயிடும்."

"ஆகட்டுமே. ஈ மோதிச் செத்தான்னு கதையை மாத்திடலாம்."

"உன் புரோகிராமைச் சுருக்கேன். வளவளன்னு எழுதி வச்சுட்டு என் வௌவால் மேல பழியைப் போடறே."

"உத்தரவு, பெரும்புள்ளி."

அப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் பேரம் பேசியவன், முகப்புப் படத்தில் மட்டும் தலையிடவில்லை. கேசட்டிலிருந்து விளையாட்டு ஏறி முடிவதற்கு முன்னால் திரை முழுக்க வருமே, அந்தப் படம். "இது உனக்கு. என்ன வேணா வரைஞ்சுக்கோ" என்று விட்டுவிட்டான். நான் இரவுக் கடலை வரைந்தேன். நடுவே கலங்கரை விளக்கம். அடியில், அலைகளுக்கு நடுவே ஒரு படகு. அதில் இரண்டு பேர். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வாயைத் திறந்து பேசிக்கொண்டிருப்பது அண்ணன். துடுப்பு வலிப்பது நான்.

"நான் எதுக்கு சும்மா உக்காந்திருக்கேன்?" என்று கேட்டான்.

"சும்மாவா? பேசிக்கிட்டில்ல இருக்கே?"

அண்ணன் போன வருஷம் போய்ச் சேர்ந்தான். அந்த வயதில் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. யாராவது ஒருவர் எப்போதும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். அந்தப் படகு மட்டும்தான். அதைத்தான் அவன் போன நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் மூடுகிற சமயத்தில், விற்காத கேசட்டையெல்லாம் அழித்து வெற்றுக் கேசட்டாக்கி விற்றுவிட்டது. என் கட்டத்தாள்கள் வீடு மாறியதில் தொலைந்தன. அண்ணன் வைத்திருந்த பிரதியைப் பூஞ்சை தின்றுவிட்டது.

இத்தனைக்கும் மருமகளின் வேலையே இதுதான். ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளத்தில் அவளுக்கென்று ஓர் அறை. பழைய விளையாட்டுகளுக்குள்ளிருந்து படங்களைப் பிரித்தெடுத்துப் பத்திரப்படுத்துகிறாள். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் மணலைக் கொட்டினாற்போல வெறும் புள்ளிகள். அவள் புள்ளி வரிசையின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வந்தாள். சரியான அகலம் வந்ததும் மணல் எழுந்து நின்று ஒரு குதிரையானது. அப்படிப்பட்டவளே தெரிந்த சேகரிப்பாளர்களிடமெல்லாம் கேட்டுவிட்டு, "யார்கிட்டயும் இல்ல அத்தை" என்று கைவிரித்திருந்தாள்.

"இவ்வளவு நாள் எங்க இருந்துச்சு இது?" என்று சம்பந்தியைக் கேட்டேன்.

"எங்க வீட்டுப் பரண்ல."

"பரணுக்கு எப்படிப் போச்சு?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு சாப்பிடும்போது ஒண்ணு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா சம்பந்தி? உங்க விளையாட்டைக் காப்பி அடிச்சு வித்தவன் எவனோ, அவன் கடை விளங்காமப் போகணும்னு?"

"சொன்னேன். இப்பவும் சொல்வேன்."

"இனிமே சொல்ல வேண்டாம். கடையை மூடி ரொம்ப நாளாச்சு."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மருமகள் பக்கம் திரும்பினேன். "உங்கப்பா பாட்டுக் கேசட் கடை வச்சிருந்தார்னுதானேம்மா சொன்னே?"

"பாட்டும் வித்தார் அத்தை."

"நீங்கதானா அந்தப் புண்ணியவான்?"

"நான் மட்டுமா? தெருவுக்கு நாலு பேர் இருந்தோம். அன்னைக்கு நீங்க சொன்னதுல எனக்கு சாப்பாடே இறங்கல. அப்புறம் எப்படி வாயைத் திறப்பேன்? நேத்து இவ போன்ல, நீங்க அந்தப் படத்தை நினைச்சு அழுதீங்கன்னு சொன்னா. பரண்ல ஏறிட்டேன். திட்டறதுன்னா திட்டிடுங்க."

திட்டினேன். அண்ணனுக்கும் சேர்த்துத் திட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, நடுநடுவே "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். திட்டி முடித்துக் கையை நீட்டினேன். கேசட்டை வைத்தார்.

மறுநாள் காலையில் மூவரும் காப்பகத்துக்குப் போனோம். தாழ்ந்த கூரை, குழல்விளக்கு, பிதுங்கிய கண்ணாடியுடன் ஒரு பழைய டிவி, மூடி கழற்றிய கேசட் பிளேயர். மருமகள் முதலில் சின்ன ஸ்குரூ டிரைவரால் பிளேயரில் நாடாவை வருடும் ஹெட்டை ஒரு மயிரிழை திருப்பித் திருப்பி, கீச்சுச் சத்தம் தெளிந்ததும் அதைத் தன் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டாள்.

"சத்தம் பத்திரம். விளையாட்டே அதுலதான் இருக்கு. இனிமே நாடாவே அறுந்தாலும் கவலையில்ல. படத்தை இதிலேருந்து பிரிச்சுடலாம்."

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை பழையபடி டிவியில ஓட்டிக் காட்டேன்மா" என்றேன்.

அவள் பழைய கம்ப்யூட்டரை எடுத்து இணைத்தாள். சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன். முகப்புப் படத்துல எங்க கடைப் பேரு இருக்கும்."

"என்னது?"

"நான் பண்ணின காப்பியையே இன்னொருத்தன் காப்பி அடிச்சு வித்தான் சம்பந்தி. திருட்டுப் பசங்க."

"யாரு?"

"மத்தவங்க" என்றார் சின்னக் குரலில். "அதான், அடியில ஒரு கறுப்புப் பட்டை அடிச்சு, கடைப் பேரும் போன் நம்பரும் போட்டேன்."

"அடியிலயா?"

"ஆமா. அங்க அலையும் குப்பையுமா என்னமோ இருந்துச்சு. எழுத்து எடுபடல."

மருமகள் அவர் காலை மிதித்தாள். அதற்குள் என் வாயிலிருந்து வந்துவிட்டது. "அந்தக் குப்பைதான் சம்பந்தி எங்கண்ணன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மகள் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

"பேரு போட உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையாப்பா?"

"மேல விளக்கு இருந்துச்சும்மா. அது அவ்வளவு அழகா இருந்துச்சு. அதை மறைக்க மனசு வரல."

"உங்க மனசு!"

"எனக்கென்னம்மா தெரியும், படகுல இருக்கறது சம்பந்தியோட அண்ணன்னு? அப்போ சம்பந்தியையே தெரியாதே!"

பேசிக்கொண்டே அவள் கேசட் பொத்தானை அழுத்திவிட்டாள். கேசட் கத்த ஆரம்பித்தது. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சண்டை போட்டார்கள். எனக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டர் படத்தை ஒரே மூச்சில் காட்டாது. வெள்ளைத் திரையில் கறுப்புப் புள்ளிகள் வரி வரியாக, நடுநடுவே இடைவெளி விட்டு இறங்கும். பிறகு இடைவெளிகள் நிரம்பும். மேலே விளக்கு வந்தது. கோபுரம் வந்தது. கடைசியாக அடிப்பாகம் நிரம்ப ஆரம்பித்தது. நடுவில் கடைப் பேரின் எழுத்துகள். சுற்றிலும் என் அலைகள். அந்த எழுத்துகளுக்கு வலப்பக்கம், ஒவ்வொரு கோடாகச் சேர்ந்து, படகு.

மூக்குக்கண்ணாடி. திறந்த வாய்.

பிறகு உச்சியிலிருந்து நிறம் இறங்கியது. வானம் நீலமானது, விளக்கு மஞ்சளானது, கடைசியில் கறுப்புப் பட்டை விழுந்து எல்லாவற்றையும் மூடியது. மஞ்சளில் கடைப் பேர் மட்டும் பளிச்சென்று நின்றது.

"வந்துச்சு! இப்ப வந்துச்சு!" என்று எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்க அத்தை?"

"போயிடுச்சு."

மருமகள் என் தோளைத் தொட்டாள். "அத்தை, சில நேரம் மனசு ரொம்ப ஆசைப்பட்டா..."

"மனசுக்கு ஒண்ணும் இல்ல, கண்ணுக்கும் ஒண்ணும் இல்ல. வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தான்மா!"

சம்பந்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பேய்ப்படகு" என்றார்.

"என்ன?"

"கடைக்கு வர்ற பசங்க சொல்லுவானுங்க. படம் ஏறும்போது ஒரு படகு வருது, வந்து மறையுதுன்னு. அதுல ரெண்டு பேயாம். ஒண்ணு கத்துதாம், ஒண்ணுக்கு முழங்கைக்குக் கீழ கையே இல்லையாம். கதை விடறானுங்கன்னு நினைச்சேன். நான் எங்க ஓட்டிப் பாத்தேன்? காப்பி போடவே நேரம் சரியா இருந்துச்சு. ஆனா அந்தப் பேயைப் பாக்கணும்னே தேடி வந்து வாங்கினானுங்க."

மருமகள் அவரையே பார்த்தாள். "அப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பட்டை அடிக்கும்போது அங்க இருந்த படத்தை அழிச்சீங்களா, நிறத்தை மட்டும் மாத்தினீங்களா?"

"அழிக்கறதுக்கு எனக்கு எங்கம்மா தெரியும்? கட்டம் கட்டமா கறுப்புன்னு போட்டேன். எழுத்துக்கு மட்டும் மஞ்சள்."

அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "அத்தை, உங்களுக்குத் தெரியாததா? இதுல புள்ளி தனி, நிறம் தனி. புள்ளி மொதல்ல ஏறும், நிறம் கடைசியில வரும். எழுத்து விழுந்த இடம் தவிர அப்பா புள்ளி மேல கையே வைக்கல. கறுப்புத் துணியில கறுப்பு நூலால தைச்ச மாதிரி. தெரியல, அவ்வளவுதான். அப்படியே இருக்கு."

தெரியாத விஷயமில்லை. அந்தக் கட்டங்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவள் நான். அந்த நிமிஷத்தில் மூளை நின்றுபோயிருந்தது. அவள் தன் கம்ப்யூட்டருக்குப் போய், பதிவு செய்த சத்தத்திலிருந்து படத்தைப் பிரித்தாள். நிறத்தை ஒரு பக்கம் ஒதுக்கினாள். படகு நின்றது. இந்த முறை மறையவில்லை. பெரிதாக்கினாள். அண்ணன் முழுசாக இருந்தான், கண்ணாடியின் கம்பி வரைக்கும். எனக்கு முழங்கைக்கு மேல் பழுதில்லை. துடுப்பு மட்டும் போன் நம்பரின் கடைசி எண்ணுக்கு அடியில் போய்விட்டது. எழுத்து விழுந்த கட்டங்களில் பழைய புள்ளி நிற்காது.

திரையில் அண்ணனின் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"அத்தை," என்றாள் மருமகள், மெதுவாக. "துடுப்பை நீங்களே வரைஞ்சு கொடுங்க. கடைப் பேரை எடுத்துட்டு அலையையும் நிரப்பிடலாம். பழையபடி ஆயிடும்."

"எடுத்துடும்மா" என்று சம்பந்தி முந்திக்கொண்டார். "காலத்துக்கும் என் திருட்டு அங்க எழுதியா இருக்கணும்?"

"இருக்கணும்" என்றேன்.

"சம்பந்தி..."

"நீங்க திருடாம இருந்திருந்தா இந்த நாடாவே இல்ல. எங்கண்ணன் ஒழுங்கா பூட்டி வச்சது பூஞ்சையாப் போச்சு. ஒழுங்கா வித்தவங்க அழிச்சு வித்தாங்க. நீங்க ஒருத்தர்தான் இதைக் கணக்கு வழக்கில்லாம ஊரெல்லாம் இறைச்சீங்க. எத்தனை பசங்க வாங்கியிருப்பாங்க?"

"நிறைய" என்றார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல.

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க. நிறைய! அத்தனை வீட்டு டிவியிலயும் நானும் எங்கண்ணனும் படகுல போயிருக்கோம். இது தெரியாம அவன் சாகற வரைக்கும் உங்களைச் சபிச்சான். நானும் சபிச்சேன். இப்ப உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ரொம்ப நன்றி சம்பந்தி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

"அப்போ ரெண்டு விதமாவும் வைக்கறேன்" என்றாள் மருமகள். "வந்தபடியே ஒண்ணு, நிறம் எடுத்தது ஒண்ணு. துடுப்பு?"

"துடுப்பு எதுக்கு? பக்கத்துலயே போன் நம்பர் இருக்கு. தத்தளிச்சா கூப்பிடறேன். உங்கப்பா வந்து கரையேத்துவார்."

"சரி, படத்துக்குக் கீழ பேரு போடணுமே. புரோகிராம் உங்கண்ணன், ஓவியம் நீங்க. அப்பாவை என்னன்னு போடறது?"

"காப்பி அடிச்சவர்னு போடு" என்றார் சம்பந்தி. "உண்மைதானே?"

"காப்பி அடிச்சுக் காப்பாத்தினவர்னு போடு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு டிவியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை அதுல ஓட்டும்மா. ஊர்ப் பசங்க பூரா பாத்திருக்கானுங்க, நான் ஒருத்தன்தான் பாக்கல" என்றார்.

கேசட் முதலிலிருந்து சுற்றியது. கத்தல் தொடங்கியது. விளக்கு வந்தது, கோபுரம் வந்தது, அலை வந்தது. இந்தத் தடவை யாரும் சண்டை போடவில்லை. படகு கோடு கோடாகக் கூடி நின்றதும் சம்பந்தி முன்னால் குனிந்து, திரையைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க" என்றார்.

"அவனுக்கு எங்க கேக்கும்?" என்றேன். "அவன்தான் பேசிக்கிட்டே இருக்கானே."