இருபத்தெட்டாம் தேதிச் சிறப்புரை

அண்ணனின் சட்டைக்கு மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த அவருடைய கைபேசி அடித்தது. அண்ணி மறுபக்கம் தோளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். இரண்டு பேருக்கும் கை ஒழியவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

"எடு. ஆபீஸ்லேருந்தா இருக்கும்" என்றாள் அண்ணி.

ஆபீஸ் இல்லை, அச்சகம்.

"சார், நாலாம் பக்கம் பிழை பார்த்தாச்சா? சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லிட்டா மெஷின்ல ஏத்திடுவேன்."

"சார் இல்லைங்க. நான் அவர் தங்கச்சி."

"வெளியே போயிருக்காரா?"

"நேத்து சாயங்காலம் தவறிட்டார்."

மறுமுனையில் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "அடப்பாவமே. நல்ல மனுஷன்மா." இன்னும் கொஞ்சம் இயந்திரம் ஓடியது. "அப்ப நாலாம் பக்கத்தை நீங்களே பார்த்துச் சொல்லிடறீங்களாம்மா, எப்பவும் போல?"

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் அண்ணிக்குக் கேட்டுவிடாதபடி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, "பார்க்கறேன்" என்றாள் அவள். பிறகு வந்து நான்காவது பொத்தானைப் போட்டாள்.

நாற்பத்தொரு ஊர்களில் நாற்பத்தொரு கிளை நூலகங்கள். பாதிக்கு மேல் கூரை ஒழுகும். மீதி மழை பெய்யாத ஊர்களில் இருந்தன. இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தது, மாதம் ஒருமுறை வெளிவரும் நான்கு பக்க மடல். அதில் இரண்டே பகுதிகள். 'நடந்தவை', 'நடக்க இருப்பவை'. முதல் பக்கத்தின் மேலே தலைமை நூலகரின் படம், அதற்குக் கீழே 'ஆசிரியர்' என்று அண்ணனின் பெயர். படம் வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தலைமை நூலகர் வயதாகாமல் அப்படியே இருந்தார்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்த ஒரு மாத மடலை மட்டும் அவள் எழுதிக் கொடுத்தாள். "இந்த முறை நடையில் ஒரு மெருகு தெரிகிறதே" என்று தலைமை நூலகர் எல்லோர் முன்னிலும் அண்ணனைத் தட்டிக்கொடுத்துவிட்டார். காமாலை மூன்று வாரத்தில் இறங்கிவிட்டது. பாராட்டு கடைசிவரை இறங்கவேயில்லை. அடுத்த மாதச் செய்திக் கட்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அசதியா இருக்கு" என்றார் அண்ணன். அந்த அசதி பத்தொன்பது வருடம் நீடித்தது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. மடல் அச்சாகி வந்ததும் எல்லா வாசகரையும் போல அவரும் ஆர்வமாகப் படிப்பார். படித்து முடித்து அவளிடம் வந்து, "நல்லா வந்திருக்கு இல்ல?" என்பார், ஏதோ தானே கண்விழித்து எழுதியதுபோல. கைப்பிரதியில் அவர் திருத்தம் என்று ஒன்றே ஒன்றுதான் செய்வார். அவள் 'சிலர் கலந்துகொண்டனர்' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'பலர்' என்று மாற்றுவார்.

மூன்று நாளைக்கு முன்னால்தான் அவள் அந்தக் கடிதத்தை அவரிடம் காட்டினாள். நகரத்தில் ஒரு பதிப்பகம். பிழை திருத்துநர் வேலை. ஒன்றாம் தேதி சேர வேண்டும். நாற்பத்தாறு வயதில் முதல் வேலை. அண்ணன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். முகவரியை மட்டும் மூன்றாவது முறை படித்தார்.

"நல்ல விஷயம்தான். இந்த மாச மடலை முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார்.

முடித்துக் கொடுத்திருந்தாள். நாலாம் பக்கத்துப் பிழை பார்ப்பதுதான் பாக்கி. அதற்குள் அவரே முடிந்துபோனார்.

பத்து மணிக்குத் தலைமை நூலகர் வந்தார். அவருக்கு முன்னால் மலர்வளையம் வந்தது, அதற்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு ஜீப் ஓட்டுநர் வந்தார். நடுவே ஓடிய நாடாவில் நூலகத் துறையின் பெயர் பெரிதாகவும், அண்ணனின் பெயர் இடம் மிஞ்சிய அளவிலும் எழுதப்பட்டிருந்தது. அவர் உடலின் முன்னால் கண்களை மூடி நின்றார். ஓட்டுநர் நின்றபடியே ஒரு கால் மாற்றி நின்றுகொள்ளும் அளவுக்கு நேரம் நின்றார்.

"அறிவு விளக்கொன்று அணைந்தது" என்றார் அண்ணியிடம். "ஆனால் அதன் ஒளி நாற்பத்தொரு கிளைகளிலும் என்றென்றும் நின்று நிலவும்."

அண்ணி தலையை ஆட்டி அழுதாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நடமாடும் நூலக வண்டியின் ஓட்டுநர் இறந்தபோது தங்கை மடலில் எழுதிய வரி அது. அப்போது 'வண்டி செல்லும் வழியெங்கும்' என்று இருந்தது. அதை மட்டும் மாற்றியிருந்தார்.

பிறகு அவளைத் தனியே கூப்பிட்டார். மாடிப்படிக்குக் கீழே, குடைகளும் செருப்புகளும் கிடந்த மூலையில் நின்று பேசினார்கள். அங்கே வந்ததும் அவர் தமிழ் சாதாரணத் தமிழாகிவிட்டது.

"ஒரு சின்னச் சிக்கல்மா. நாலாம் பக்கம்."

"பார்த்தேன் சார்."

"அதுல உங்க அண்ணன் இருபத்தெட்டாம் தேதி பேசியிருக்கார்."

மடல் மாதம் இருபத்தைந்துக்குள் அச்சேற வேண்டும். ஆனால் அந்த மாதம் முழுக்க நடந்தது அதில் இருக்க வேண்டும் என்பது இயக்ககத்தின் உத்தரவு. இரண்டு உத்தரவும் ஒரே கையெழுத்தில் வந்தவை. ஆகவே கடைசி வாரத்து நிகழ்ச்சிகளையெல்லாம் நடப்பதற்கு முன்பே 'இனிதே நடைபெற்றது' என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு கிளையில் வெள்ளம் புகுந்து மேசை நாற்காலி மிதந்த அன்று அங்கே ஓவியப் போட்டி இனிதே நடைபெற்றது. அறுபது சிறுவர் சிறுமியர். புகார் எதுவும் வரவில்லை.

இந்த மாதம் பதினேழாம் கிளையின் புதிய வாசிப்புக் கூடத் திறப்பு விழா. அண்ணனின் சிறப்புரைக்கு அரைப் பக்கம்.

"இன்னைக்கு இருபத்துமூணு சார்" என்றாள் அவள்.

"தெரியும்மா. ஆனா அந்த ரிப்போர்ட்டை முன்கூட்டியே இயக்ககத்துக்கு அனுப்பிட்டேன். அவங்க அதை ஆண்டறிக்கையில சேர்த்துட்டாங்க. நல்லா பேசியிருக்கார்னு இயக்குநரே போன் பண்ணிப் பாராட்டினார்."

"அதை எடுத்துட்டு, அந்த இடத்துல இறந்த செய்தியைப் போட்டுடலாம் சார். அளவு சரியா வரும்."

அவர் அவளை ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்டவளைப்போலப் பார்த்தார். "எடுத்தா கடைசி வாரத்துல போடற மத்ததெல்லாம் எப்படி நடந்துச்சுன்னு கேள்வி வரும். நாற்பத்தொரு கிளைம்மா. நாற்பத்தொரு குடும்பம். பேசினது பேசினதாவே இருக்கட்டும். மரணச் செய்தி அடுத்த மாச மடல்ல. முழுப் பக்கம், கறுப்புக் கட்டம் போட்டு. அதை நீங்கதான் எழுதணும். உங்க அண்ணன் எழுதற மாதிரியே எழுத உங்களுக்குத்தான் வரும்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் இமைகூட அசையவில்லை. பத்தொன்பது வருடமாக அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"நான் ஒண்ணாம் தேதி வேற வேலையில சேரணும் சார்."

"ஒண்ணாம் தேதி அடுத்த மாசம்தானேம்மா" என்று சொல்லிவிட்டு, தன் செருப்பு எது என்று தேட ஆரம்பித்தார்.

கிளை நூலகர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். இரண்டு பஸ் மாறி வந்தவர்கள், அரை நாள் விடுப்பில் வந்தவர்கள். உடலைப் பார்த்தார்கள், அண்ணியைக் கும்பிட்டார்கள், அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். கையை விடும்போது உள்ளங்கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

"அடுத்த மாசச் செய்திம்மா. வர்றதே வர்றோம், தபால் மிச்சம்னு எடுத்துட்டு வந்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்லைங்க."

ஒன்பதாம் கிளைக்காரர் மட்டும் பிடித்த கையைச் சீக்கிரம் விடவில்லை. "எங்க கிளையைப் பத்தி அவர் எழுதினாத்தான் அது கிளை மாதிரியே இருக்கும். நான் அங்க உட்கார்ந்திருக்கேன், எனக்கு அப்படித் தெரியாது. மடலைப் படிச்சாத்தான் தெரியும்" என்றார். சொல்லிவிட்டு அவரும் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் 'கதை சொல்லும் நேரம், சனிக்கிழமை, வழக்கம்போல் எழுதிக்கொள்ளவும்' என்று இருந்தது.

மதியத்துக்குள் அவள் மடியில் பதினான்கு தாள்கள் சேர்ந்துவிட்டன. பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை பேர் எழுதிக் குடுத்திருக்காங்களே, எவ்வளவு மரியாதை பாரு" என்றாள்.

பன்னிரண்டரைக்குக் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. அண்ணி அவளைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள்.

"இந்த மாசம் உங்க அண்ணன் பேச்சு வருதாமே?"

"யார் சொன்னா அண்ணி?"

"ஜீப்ல வந்த பெரியவர்தான் சொல்லிட்டுப் போனார். கடைசிப் பேச்சு, பொக்கிஷமா வச்சுக்கோங்கன்னார்." அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் படிச்சுக் காட்டேன். அவர் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. இருபத்தெட்டுல பேசறதுக்கு இப்பவே எழுதி வச்சிருந்திருக்கார் பாரு. எதையும் முன்கூட்டியே செஞ்சிடுவார்."

மாதாமாதம் மடல் வந்ததும் அண்ணி அதை மாடியில் துணி காயப்போடும் பெண்களுக்குப் படித்துக் காட்டுவாள். மற்ற நேரங்களில் அண்ணனைச் செருப்பு எங்கே, குடை எங்கே, சொன்ன சாமான் எங்கே என்று விரட்டிக்கொண்டே இருப்பவள், அன்று மட்டும் அவர் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி போடுவாள். இத்தனை வருடத்து மடல்களும் அவள் அலமாரியில் தேதிவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. நாற்பத்தொரு கிளைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை.

அவள் நாலாம் பக்கத்தை எடுத்துவந்து, அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து படித்தாள். வாசிக்கும் அறை என்பது நான்கு சுவருக்குள் இருந்துகொண்டே வெளியேறுவதற்காகக் கட்டப்படுவது என்று அந்த உரையில் ஒரு இடம் வரும். பதினேழாம் கிளை அவள் பார்த்திராத ஊர். எந்தக் கிளையையும் அவள் பார்த்ததில்லை. அந்த இடத்தில் அண்ணி அவள் முழங்காலில் கை வைத்தாள்.

"அப்படியே அவர் குரல்" என்றாள்.

அவள் மீதியையும் படித்து முடித்தாள். முடிவில் 'கூடியிருந்த பலரும்' என்று இருந்தது. இந்த முறை அவளே போட்டது.

"நீ ஒண்ணாம் தேதி போறது எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி, உடலையே பார்த்துக்கொண்டு. "சொன்னார். போ. நான் தடுக்கலை. தனியா இருந்துக்குவேன். ஆனா அடுத்த மாசமும் அதுல அவர் பேரைப் போடச் சொல்லேன். எங்கேயாவது ஒரு இடத்துல மாசாமாசம் அவர் பேர் வந்துட்டு இருந்தா போதும். யாரோ எழுதிட்டுப் போகட்டும்."

அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அண்ணி அலமாரிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். வந்தது திரும்பிப் போயிற்று.

"சொல்றேன் அண்ணி" என்றாள். கைபேசியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், நாலாம் பக்கம் சரி என்று அச்சகத்துக்குச் சொன்னாள்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். இடுகாட்டில் தலைமை நூலகர் பேசினார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று தொடங்கி, ஈடு செய்ய என்ன ஏற்பாடு செய்திருக்கிறார் என்பதில் முடித்தார். "அவருடைய பேனா ஓயாது. அவர் வளர்த்த தங்கை அதை ஏந்தியிருக்கிறார். ஆசிரியர் இடத்தில் அண்ணன் பெயரே என்றும் இருக்கும்." எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பதாம் கிளைக்காரர் கைதட்டப்போய், எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து, கையைக் கட்டிக்கொண்டார். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் ஒரு குழியைத் தாண்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது அவளையும் அண்ணியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அண்ணியை அவரே கை கொடுத்து இறக்கிவிட்டார். அவளும் இறங்க நகர்ந்தபோது கதவைச் சாத்தினார்.

"நீங்க இறங்க வேண்டாம்மா. அப்படியே ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடலாம். பொறுப்பேற்புப் படிவத்துல ஒரே ஒரு கையெழுத்து. ரெண்டு வருஷத்துக்குத்தான். தேதி மட்டும் இருபத்தொன்பதுன்னு போட்டுக்கலாம். ஆசிரியர் முத்திரை உள்ளே இருக்குமே, எடுத்துட்டு வந்துடறேன்."

அண்ணியின் பின்னாலேயே வீட்டுக்குள் போனார்.

ஜீப்பின் பின்னிருக்கையில் அவளுக்கும் அண்ணிக்கும் ஒதுங்கிய இடம் இரண்டு ஆள் நெருக்கி உட்காரும் அளவுதான். மீதி இடத்தில் கிளைகளுக்குப் போய்ச்சேராத பழைய மடல் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. மேல்கட்டு அவள் தோளில் சாய்ந்தது. நிமிர்த்தி வைத்தாள். மறுபடி சாய்ந்தது. உள்ளே அண்ணி மேசை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது.

அவள் கதவுப் பிடியை அழுத்தினாள். அது சுலபமாக, ஒன்றிலும் பிடிக்காமல், அழுந்தியது.

"அந்தக் கதவு உள்ளேருந்து திறக்காதும்மா" என்றார் ஓட்டுநர், கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து. "ரொம்ப நாளா அப்படித்தான். வெளியேருந்து திறந்தா வரும். சார் வரட்டும், திறந்து விடச் சொல்றேன்."

"பரவாயில்லைங்க" என்றாள்.

பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கும் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். அது இறுகிப்போயிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணாடி ஒரு விரல்கடை இறங்கியது. பாதியில் நின்றுவிட்டது. தோளில் சாய்ந்திருந்த கட்டை அப்படியே விட்டுவிட்டு, அந்த இடைவெளி வழியாக முழங்கை வரை கையை வெளியே விட்டு, வெயிலில் சுட்டுக்கொண்டிருந்த தகரத்தின் மேல் விரல்களால் தடவித் தடவிப் பிடியைத் தேடினாள்.