முறை இல்லாத வீடு

கோட்டைக் கதவுக்கு அந்தப் பக்கம் ஸைத் தன் கோவேறு கழுதையை பிரான்ஸில், லியோன் நகரத்தில் இருக்கும் மகனுக்கு செல்போனில் காட்டிக்கொண்டிருந்தான். முதுகைக் காட்டினான், குளம்பைக் காட்டினான், வாயைப் பிளந்து பல்லையும் காட்டினான். இந்தப் பக்கம் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டு நின்ற இத்தோவுக்கு வயிறு எரிந்தது.

அவள் மகள் ரப்ஹா விடுதி விண்ணப்பத்தைச் செல்போனிலேயே பூர்த்தி செய்து, படமும் சேர்த்து வைத்திருந்தாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இன்று மாலையோடு கெடு முடிகிறது. மேல்வகுப்புப் பள்ளி கணவாய்க்கு அப்பால் நகரத்தில் இருக்கிறது. விடுதியில் இடம் கிடைக்காத பெண்ணுக்குப் படிப்பு அத்துடன் சரி. நகரத்துக்குப் போய் அனுப்பலாமென்றால் சந்தை நாளைத் தவிர வண்டி கிடையாது.

வசந்த காலத்தில் ஒரு உதவிச் சங்கத்தார் வந்தார்கள். ஊர் அறுத்துப் போட்ட ஆட்டைத் தின்றார்கள். பழைய தானியக் கோட்டையின் உச்சியில் இணையத்துக்கான டிஷ்ஷைக் கட்டினார்கள். வீட்டுக்கு ஒரு மலிவு செல்போன் கொடுத்து, அட்லஸ் மலைக்கும் பாரிஸுக்கும் இனி வித்தியாசமே இல்லை என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இத்தோவின் வீட்டுக்கும் ஒரு போன் வந்தது. ஆனால் இணைப்பு கோட்டை முற்றத்துக்குள் மட்டும்தான் எட்டியது. அதுவும் நூலாக இழுத்தது. எல்லோரும் சேர்ந்து திறந்தால் யாருக்கும் கிடைக்கவில்லை.

ஊர்க்கூட்டம் கூடியது. ஆண்கள் யோசித்து, தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தார்கள். வாய்க்கால் தண்ணீருக்கு இருந்த முறையை அப்படியே தூக்கி இதற்கும் வைத்தார்கள். யார் வயலுக்கு இன்று தண்ணீரோ, அவர் வீட்டுக்கு இன்று இணையம். மடையைப் பார்த்துக்கொண்டிருந்த பாஸ்ஸுவே இந்தக் கதவுக்கும் காவல். வயல் இல்லாதவர்களுக்கு என்ன என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை. இத்தோவின் கணவன் வீட்டார் பிழைக்க வந்த இடையர்கள். வீட்டில் நாலைந்து ஆடு உண்டு, கைப்பிடி மண் கிடையாது. அவன் இப்போதும் அடுத்தவர் மந்தையோடு மேலே புல்வெளியில் கிடக்கிறான்.

வேண்டுமென்று செய்திருந்தால்கூட அவள் மனம் ஆறியிருக்கும். அவள் நினைவே யாருக்கும் வரவில்லை என்பதுதான் அவளைச் சுட்டது.

"பாஸ்ஸு மாமா, கதவத் தொற. புள்ள ஒரு அமுக்கு அமுக்கிட்டு வந்துருவா."

"உனக்கு முறை இல்லியே தாயி. நான் என்ன பண்ணட்டும்? இன்னிக்கு ஸைத்தோட முறை."

"கழுதைக்குப் பல்லு பாக்கவா முறை?"

உள்ளேயிருந்து ஸைத் சிரித்தான். "என் முறை, நான் கழுதையும் காட்டுவேன், கோழியும் காட்டுவேன். ஆடு மேய்க்கிறவன் மகளுக்கு விடுதி எதுக்கு? ஆட்டுக்குப் பாடம் நடத்தப் போறாளா?"

ரப்ஹா தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் இத்தோவுக்கு ரத்தம் தலைக்கேறியது. கதவை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

"ஸைத்! போன மாசம் உன் முறையில என் ஆடுங்க உன் வாய்க்கால்ல எறங்கிக் குடிச்சுதுல்ல? ஏன் வெரட்டல?"

"குடிக்கிறத யாரு வெரட்டுவா? பைத்தியமா உனக்கு?"

"நீ சொல்லு மாமா. ஏன் வெரட்டல?"

பாஸ்ஸு தாடியைத் தடவினார். "பாய்ச்சத்தான் முறை. தாகத்துக்கு ஏது முறை? வாய்க்கால்ல வாய் வைக்கிற ஜீவனத் தடுத்தா அல்லாவுக்கு அடுக்குமா?"

"அப்ப என் ஆட்டுக்கு இருக்கிற உரிமை என் மகளுக்கு இல்லியா?"

பாஸ்ஸு சாவியைப் பார்த்தார், ரப்ஹாவைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

ரப்ஹா ஓடிப்போய்ச் சுவரோரம் நின்று அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஸைத்தின் வீடியோ இருக்கிற இணைப்பையெல்லாம் குடித்துக்கொண்டிருந்தது.

"போனக் கொஞ்ச நேரம் வையி ஸைத்," என்றார் பாஸ்ஸு.

"வைக்க முடியாது. குடிக்கிறவ குடிக்கட்டும், நான் பாய்ச்சுறேன்."

இத்தோ அவன் முன்னால் போய் நின்று, அவன் கையிலிருந்த திரைக்குள் எட்டிப் பார்த்தாள். "தம்பி யூபா, நான் இத்தோ பேசுறேன். உங்கப்பன் முறை முறைங்கிறான். இங்க என் மக படிப்பு போகுது."

"கேட்டுட்டுதான் இருந்தேன் அக்கா," என்றான் யூபா. "அப்பா, உனக்கு வெக்கமா இல்லியா?" மறுபேச்சுக்கு இடமில்லாமல் திரை அணைந்தது. ஸைத் கறுத்துப்போன கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போயிருச்சும்மா! வந்து சேந்துச்சுன்னு பதில் வந்துருச்சு!" என்று கத்தினாள் ரப்ஹா.

பாஸ்ஸுவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிது. இனிமே அவசரம்னா வா தாயி. கதவத் தட்டு, தொறந்து விடுறேன். உக்காரு, ஒரு கிளாஸ் டீ குடி."

இத்தோ உட்காரவில்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. வந்தபோது இருந்ததைவிட இப்போதுதான் அவளுக்குக் கோபம் அதிகமாக இருந்தது.

"ஆடு மாதிரி வந்து வாய் வச்சிட்டுப் போகச் சொல்றியா மாமா? இன்னிக்கு வேற வழியில்ல, ஆட்டோட உரிமையில குடிச்சோம். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வர்றேன். என் வீட்டுக்கும் முறை வேணும்."

"கூட்டத்துக்கா?" பாஸ்ஸு திகைத்தார். "அங்க பொம்பள யாரும் உக்காந்ததில்லியே. நெலம் இல்லாதவங்களும் உக்காந்ததில்ல."

"ரெண்டையும் ஒரே நாள்ல பாத்துருங்க," என்றாள் இத்தோ.