குன்னத்தில் பதிந்த கடல்

படகில் தனியாகக் கடலைக் கடக்கும் ஒருவனைப் பற்றிய படத்துக்கு மணிவண்ணன் ஒலிப்பதிவாளன். கடற்கரையில் பதிந்ததில் எல்லாம் ஆள் சத்தம் கலந்திருந்தது. அதனால் கடலுக்கு வெகு தூரத்தில், குன்னம் கிராமத்தில் காய்ந்து நின்ற மக்காச்சோளக் காட்டுக்கு வந்தான். காற்றில் தோகைகள் உரசுவது அலையைப் போலவே கேட்டது. காட்டுக்காரி கலையரசிதான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அஞ்சு நிமிசம் பேசாம இருங்க.”

“இருக்கேன் தம்பி. வூட்டுலயும் அதானே செய்யுறேன். பொண்ணு, பையன் எல்லாம் திருப்பூர்ல.”

நான்காவது முறை அவன் பதியும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலி சுத்தமாகப் பதிந்தது.

“நான் பேசுனதும் படத்துல வருமா?”

“அதையெல்லாம் அழிச்சிடுவோம்க்கா.” அவன் மைக்கைப் பையில் வைத்தான்.

“நாலு மணிக்கு இதவிட நல்லாக் காத்து வரும். இருந்து புடிச்சிட்டுப் போங்களேன்” என்றாள்.