காற்று நின்ற காலை

கோஷவா என்ற குளிர்காற்று வீசினால் எங்கள் தன்யூப் ஆற்றங்கரையில் யாருக்கும் ரத்த அழுத்தம் ஒழுங்காக இருக்காது என்பார்கள். காலைக் காப்பிக்கு வரும் பக்கத்து வீட்டு தெசாங்கா, கோப்பை காலியாகும் முன்பே அளக்கச் சொல்லிக் கையை நீட்டிவிடுவாள். அடுத்து நான், பிறகு என் கணவர் ஷிவான். கம்பளிச் சட்டைமேலேயே கருவியின் பட்டையைச் சுற்றி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அளப்போம்.

"நூத்தி எழுபத்தெட்டு!" என்றாள் தெசாங்கா. "ஷிவான் அண்ணே, இந்த அழுத்தத்துல உன் படகு டீசல் இல்லாமலே ஓடும்!"

"உனக்கு மட்டும் என்ன வாழுதாம்? எல்லாம் இந்தக் காத்து. நின்னா எறங்கிடும்."

கார்களை அக்கரை சேர்க்கும் படகு அவருடையது. அவருடைய அப்பாவும் அதே படகில், சுக்கானைப் பிடித்தபடியே சரிந்தவர். அன்றும் கோஷவா. காற்று கொண்டுபோய்விட்டது என்றே இன்றும் சொல்கிறார்கள். மருத்துவர் இவருக்குத் தந்த மாத்திரைப் பெட்டி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் பிரிக்காமல் கிடக்கிறது.

எனக்கு அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பட்டை இறுகி, கையில் ஓடும் ரத்தத்தை ஒரு கணம் நிறுத்துகிறது. பிறகு மெல்லத் தளர்கிறது. அடைபட்ட ரத்தம் மறுபடி நுழையும்போது ரத்தக்குழாயின் சுவர் துடிக்கிறது. அந்தத் துடிப்பு பட்டைக்குள்ளிருக்கும் காற்றை அசைக்க, கருவி அதை உணர்ந்து கணக்கிடுகிறது. மேல் எண் இதயம் பிழியும்போது உள்ள அழுத்தம், கீழ் எண் அது இளைப்பாறும்போது உள்ளது. இவ்வளவு மெல்லிய அசைவைப் பிடிக்க வேண்டிய கருவியின் முன்னால் நாங்கள் திருவிழா நடத்திக்கொண்டிருந்தோம்.

ஒரு காலை விழித்தபோது காற்று இல்லை. வீடே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது. கதவைத் தாழிட்டேன். காப்பி வைக்கவில்லை.

"என்னடி, கோயில்ல உக்கார வச்ச மாதிரி?"

"பேசாதே மனுஷா. சாஞ்சு உக்காரு. கால்மேல கால் போடாதே."

அவர் சட்டையின் ஒரு கையைக் கழற்றி, வெறுங்கையில் பட்டையைச் சுற்றி, இதயத்தின் உயரத்துக்கு வரும்படி கையைத் தலையணைமேல் வைத்தேன். சும்மா உட்கார்ந்திருந்தோம். கல்யாணமான நாள்முதல் இப்படிப் பேசாமல் எதிரெதிரே இருந்ததே இல்லை. அவர் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.

நூற்று எழுபத்திரண்டு.

சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தேன். நூற்று எழுபத்தொன்று.

அவர் சன்னல் பக்கம் திரும்பினார்.

"சன்னலைத் திற."

திறந்தேன். திரைச்சீலை அசையவில்லை. தன்யூப் நதியில் கரையோரப் பாப்லர் மரங்கள் தலைகீழாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் நின்றன.

"நல்லாப் பாரு. எங்கயாவது ஒரு எலை..."

"ஒண்ணுகூட ஆடல மனுஷா."

வெளியே தெசாங்கா கதவைத் தட்டினாள். நாங்கள் எழவில்லை. என் கண் சர்க்கரை டப்பாவுக்குப் போனது. பட்டையைக் கழற்றிய பிறகும் அவர் கை தலையணைமேலேயே இருந்தது, எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பதுபோல, உள்ளங்கை விரிந்து.