குப்புறக் கிடந்த ஹீட்டர்

அடுத்தவன் செய்த பொருளைப் பிரித்து அவன் மூளையைக் களவாடுவதுதான் என் வேலை. அலுவலகத்தில் இதற்கு மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள். போட்டி நிறுவனத்தின் பொருளை வாங்குவோம். திருகாணிகள் பின்பக்கம் இருப்பதால் மேசைமேல் குப்புறப் போடுவோம். கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் நேராக "இது ஏன்?" என்று எழுதிப் பதில் தேடுவோம். பதில் கிடைக்காத பாகம் எங்கள் பொருளில் இருக்காது.

போன வருடம் ஒரு ஹீட்டர் வந்தது. விசிறிக்கு முன்னால் விரல் நீளத் தகடு ஒன்று, கூடவே ஒரு சுவிட்ச். விசிறியை ஓட்டினோம், நிறுத்தினோம். தகடு அசையவில்லை, சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருந்தது. "பழைய மாடலின் மிச்சம்" என்று எழுதியவள் நான்தான். மேலாளர் ஆகா ஓகோ என்றார். தகடு இல்லாத எங்கள் ஹீட்டர் கடைக்குப் போனது. பெருமை பிடிபடாமல் தங்கைக்கும் ஒன்று கொடுத்தேன்.

இன்று மதியம் அலமாரியை ஒழிக்கும்போது அந்தப் பழைய ஹீட்டரை, பின்மூடி இல்லாமலேயே நிமிர்த்தி வைத்தேன். உள்ளே சுவிட்ச் டிக் என்றது. தகடு கீழே தொங்கியது. மின்சாரம் கொடுத்தேன். விசிறிக் காற்று தகட்டைத் தூக்கியது. மறுபடி டிக், கம்பி சிவந்தது. பென்சிலை நுழைத்து விசிறியை நிறுத்தினேன். தகடு விழுந்தது, கம்பி அணைந்தது.

விசிறி நின்றால், கம்பி சூடேறித் தீப்பிடிக்குமுன் மின்சாரத்தை வெட்டுவதற்குத்தான் அந்தத் தகடு. குப்புறக் கிடந்த பொருளில் அது எப்படி விழும்? எத்தனை பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் அதை நிமிர்த்திப் பார்க்கத் தோன்றவில்லை.

மேலாளரிடம் ஓடிச் சொன்னேன்.

"மொதல்ல கதவைச் சாத்துங்க," என்றார். "விசிறி நிக்கிறது எங்கயோ ஒண்ணுதான். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அவர் முன்னாலேயே தங்கைக்குப் போன் போட்டேன்.

"ஹீட்டர் ஓடுதாடி?"

"ஓடுதுக்கா. அவரு நைட் டூட்டி முடிச்சு வந்து தூங்குறாரு. பாப்பாவும் பக்கத்துல தூங்குறா. நான் கடைக்கு வந்தேன்."

"உடனே வீட்டுக்கு ஓடு. அதை அணை."

"ஏன்க்கா? இன்னிக்குத்தான் பாப்பா நிம்மதியா தூங்குறா. எப்பவும் அந்த ஹீட்டர் உர்ருன்னு கத்தும்ல? நான் கெளம்புறப்ப அந்தச் சத்தம் தானா நின்னுபோச்சு. சூடு மட்டும் நல்லா வருது."