இருபத்து மூன்று கதவுகள்

கெரியன் தொலைபேசியில் அழைத்தபோது டகோஸ்டா மேப்பின் விரல்களெல்லாம் மீன் செதில். கோலா மீனின் வயிற்றைப் பிளந்து, முள்ளை வாலிலிருந்து தலைவரை ஒரே இழுப்பில் உருவி எடுக்கும் பாதியில் இருந்தார். மனைவி ஒடெஸ்ஸாதான் கருவியை அவர் காதோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நகரத் திட்டமிடுவோர் சங்கத்தின் செயலாளரான கெரியனுக்கு முப்பது வயதுகூட இராது. சனிக்கிழமை மாலை, முன்னாள் தலைமைத் திட்ட அதிகாரியும் வழக்கறிஞருமான ஐயான்தி இன்னிஸுக்குச் சங்கம் வாழ்நாள் விருது அளிக்கிறது என்றும், அவரோடு இருபத்தெட்டு ஆண்டுகள் களத்தில் வேலை செய்த ஆய்வாளர் என்ற முறையில் மேப் ஏழு நிமிடம் பேச வேண்டும் என்றும் அவள் சொன்னாள்.

"வேற எதுவும் பேச வேணாம் மிஸ்டர் மேப். அந்த நடந்து போன வீடுங்க கதை மட்டும் போதும். பாராட்டுரை பதினோரு பக்கம், எல்லாம் சட்டப் பிரிவு. நடுவுல ஜனங்க கொஞ்சம் சிரிக்கணும் இல்லையா?"

மேப் சரியென்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதற்குள் அவள் நன்றி சொல்லி முடித்துவிட்டாள்.

"ஏழு நிமிஷமா?" என்றாள் ஒடெஸ்ஸா. "ரம் கடையில அந்த ஆணிய எடுக்கவே உங்களுக்கு ஏழு நிமிஷம் ஆகும். அப்புறம், அந்த அம்மா எதிர்லயே உக்காந்திருப்பாங்களே, அவங்க குரல்ல பேசுவீங்களா?"

மேப் மீனின் பக்கம் திரும்பிக்கொண்டார். முள் பாதியில் முறிந்திருந்தது.

அந்தக் கதையை எங்கள் தீவின் வடபகுதியில் அறியாதவர் குறைவு. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, லாஷ்லி பாட்டம் என்னும் பள்ளத்தில், ஊர்க் குடிநீர்க் கிணற்றில் கழிவு கசியும் தூரத்திலேயே, அனுமதியில்லாமல் இருபத்து மூன்று பலகை வீடுகள் வந்து அமர்ந்திருந்தன. பலகை வீட்டுக்கும் நிலத்துக்கும் ஒட்டுறவு கிடையாது. நிலம் கரும்புத் தோட்ட முதலாளியுடையது, வீடு மட்டும் நம்முடையது என்றிருந்த காலத்தின் பழக்கம் அது. நான்கு கற்களின் மேல் உட்கார்ந்திருக்கும். போகச் சொன்னால் சுவர்களைக் கழற்றி லாரியில் அடுக்கிப் புறப்பட்டுவிடும். கிணற்றைக் காப்பதற்காக அந்த வீடுகளை அகற்றும்படி திட்ட அலுவலகம் ஆணையிட்டது. ஒவ்வொரு கதவிலும் மிஸ் இன்னிஸ் கையெழுத்திட்ட ஓர் அறிவிப்பு ஆணியடிக்கப்பட்டது. ஏழாம் மனையில் நின்ற வீட்டின் கதவில், 'இவ்வீடு ஏழாம் மனையிலிருந்து அகற்றப்பட வேண்டும்'. எட்டாம் மனையில் நின்றதன் கதவில், 'எட்டாம் மனையிலிருந்து'. ஆகஸ்ட் மாதத்தில், கரும்பு அறுவடைத் திருவிழாவின் கடைசி நாளான கடூமென்ட் திங்களன்று, தீவு முழுவதும் இறகும் மினுக்கும் அணிந்து பிரிட்ஜ்டவுன் தெருக்களில் ஆடிக்கொண்டிருந்த வேளையில், சீபர்ட் வெய்த் என்ற தச்சரின் தலைமையில் லாஷ்லி பாட்டத்தார் ஒவ்வொரு வீட்டையும் சரியாக ஒரு மனை தள்ளி வைத்தார்கள். ஏழாம் மனை வீடு எட்டுக்குப் போனது, எட்டு ஒன்பதுக்கு. இருபத்து மூன்றாவது வீடு லாரி ஏறி முதல் மனைக்கு வந்தது. கதவுகளிலிருந்த அறிவிப்புகளை யாரும் தொடவில்லை. வழக்கு நீதிமன்றம் ஏறியது. நீதிபதி நேரில் வந்து இருபத்து மூன்று கதவுகளையும் வாசித்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வீடும் தன் கதவில் எழுதியிருப்பதற்கு எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிந்திருக்கிறது என்று தீர்ப்பளித்தார். அறிவிப்பை நிலத்தில் நட்டு, இந்த மனையில் எந்த வீடும் நிற்கக் கூடாது என்று எழுதியிருந்தால், தள்ளி வந்த வீட்டையும் அது பிடித்திருக்கும். நிலத்திடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மறுபடி அறிவிப்பு எழுதுவதற்குள் தேர்தல் வந்தது. வீடுகளைத் தொட வேண்டாம் என்று மேலிருந்து சொல் வந்தது.

மேப் சொல்லும்போது இந்தக் கதைக்கு ஓர் உச்சம் உண்டு. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் பாவனை காட்டி, குரலை மூக்குக்கு ஏற்றி, மிஸ் இன்னிஸாகவே மாறிச் சொல்வார்: "கதவுலயே அடிங்க மேப். வீடு எங்க ஓடிடப் போவுது?" அங்கே ரம் கடை வெடிக்கும். புதிதாக வந்தவர்களுக்காக, ஏற்கெனவே நூறு முறை கேட்டவர்களே அவரை இழுத்து உட்கார வைத்து மறுபடி சொல்லச் சொல்வார்கள்.

மிஸ் இன்னிஸ் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு மனையிலும் முளை அடித்து, அறிவிப்பை முளையில் பொருத்தும்படிதான் அவர் சொல்லி அனுப்பினார். வாசகத்தையும் நிலத்தை முன்வைத்தே எழுதியிருந்தார். லாஷ்லி பாட்டத்தின் தரை பவளப்பாறை. நடுப்பகல் வெயிலில் முதல் மனையிலேயே மூன்று முளைகள் முறிந்தன. கதவுகள் கைக்கெட்டும் தூரத்தில், நல்ல மரத்தில், வரிசையாக நின்றன. வீட்டுக் கதவில் நிலத்தைப் பற்றிய வாசகம் பொருந்தாது என்று தோன்றியதால், இருபத்தாறு வயது மேப், தன் கையால் ஒவ்வொன்றிலும் அந்த வரியை அடித்துவிட்டு 'இவ்வீடு' என்று திருத்தினார். உதவி செய்வதாகவே அவர் நினைத்தார். விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, வீடுகள் நகர்ந்த செய்தி வந்தபோது, மிஸ் இன்னிஸின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். மேப்பின் வேலை அப்போது நிரந்தரமாகியிருக்கவில்லை. மிஸ் இன்னிஸ் முழுவதையும் கேட்டுவிட்டு, "சாப்பிட்டீங்களா? போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றார்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "இந்தக் கதவு யோசனைக்கு யார் பொறுப்பு?" என்று அவையைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார். மிஸ் இன்னிஸ் சாட்சிக் கூண்டிலிருந்து, "அறிவிப்புல இருக்கிறது என் கையெழுத்து. அது எங்க இருந்துச்சு, எப்படி இருந்துச்சுங்கறதுக்கும் நான்தான் பொறுப்பு" என்றார். மறுநாள் நாளிதழில் கால் முளைத்த வீடு ஒன்று ஓட, மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு பெண் சுத்தியலோடு பின்னால் துரத்தும் கேலிச்சித்திரம் வந்தது. தலைமைத் திட்ட அதிகாரி பதவி அவரைத் தாண்டி இரண்டு முறை வேறு ஆட்களுக்குப் போனது. மூன்றாம் முறை கிடைப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. வழக்கு நடந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் விருந்தில் யாரோ மேப்பிடம் உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டார்கள். கையில் கோப்பை இருந்தது, சுற்றி முகங்கள் காத்திருந்தன. மூக்குக் குரல் தானாக வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ஒன்பது ஆண்டுகளில் மிஸ் இன்னிஸ் செய்த வேலையைத்தான் சங்கத்தின் பாராட்டுரை பதினோரு பக்கம் பேசுகிறது. வீடுகளை இனி அங்கிருந்து அகற்ற முடியாது என்று தெரிந்ததும், கிணறு கெடாமல் வீடுகள் இருப்பதற்கு வழி தேடினார். ஒவ்வொரு வீட்டுக்கும் கசிவில்லாத கழிவுத் தொட்டி, பிறகு குழாய். அதற்கான விதியைத் தானே எழுதி, நான்கு அமைச்சர்களிடம் எடுத்துச் சென்று, ஐந்தாமவரிடம் நிறைவேற்றினார். மாற்றிடம் காட்டாமல் எந்த வீட்டையும் அகற்றச் சொல்லக் கூடாது என்ற பிரிவு அவருடையது. மறுப்புக் கடிதம் எழுதும் முறையையே மாற்றினார்: காரணம் ஒரே பக்கத்தில், மீனவனுக்கும் புரியும் சொற்களில், முடிவில் 'எதைக் கட்டினால் அனுமதிப்போம்' என்ற பத்தியோடு. கடற்கரைக்கு இறங்கும் பாதைகளை விடுதிகள் வேலியிட்டபோது, அளவு நாடாவின் ஒரு முனையை மேப் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாதைகளையும் தானே நடந்தார். கையெழுத்திடும் நிலத்தில் கால் வைக்காமல் கையெழுத்திட்டதில்லை. அலுவலகத்துக்காக நடத்திய நாற்பத்தொரு வழக்குகளில் நாற்பதை வென்றார். தோற்ற அந்த ஒன்றுதான் எல்லோருக்கும் நினைவிருந்தது. அதற்கு மேப்பின் நாக்கும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை காலை மேப் பேருந்தேறி அவர் வீட்டுக்குப் போனார். பேச வேண்டாம் என்று அவரே தடுத்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் வழிநெடுக இருந்தது. மிஸ் இன்னிஸ் சாப்பாட்டு மேசையில் யாருடைய வரைபடத்தையோ விரித்துவைத்து, சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேப். பக்கத்து வீட்டுக்காரன் மதில் கட்டுறான். மூணு அடி உள்ள தள்ளுப்பான்னா, 'எந்த மூணு அடி மேடம்'னு கேக்கிறான். ரிட்டயர் ஆனாலும் விட மாட்டேங்கறானுங்க."

"நீங்க விட மாட்டேங்கறீங்கன்னு அவன் சொல்லிக்கிட்டிருப்பான்."

"சொல்லட்டும். சொல்லிக்கிட்டே தள்ளட்டும்." மேப்புக்கு, மரப்பட்டையில் காய்ச்சிய கசப்பான மாபி பானத்தை ஊற்றி வைத்தார். "நாளைக்குப் பேசுறீங்களாமே."

"அந்தக் கதையச் சொல்லச் சொல்றாங்க."

"நல்லாச் சொல்லுவீங்களாம். தீவே சொல்லுது. நான் ஒருத்திதான் இன்னும் கேட்டதில்ல."

மேப் கோப்பையைக் கையிலெடுத்துக் குடிக்காமல் வைத்தார். "வேணாம்னா வேற ஏதாவது பேசிடறேன், மிஸ் இன்னிஸ். கடற்கரைப் பாதை இருக்கு. அந்த விடுதிக்காரன் நாய அவுத்து விட்டானே, அது இருக்கு."

"நான் எதுக்கு வேணாம்னு சொல்லணும்? உங்க கதை, உங்க வாய்." வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்து ஊதினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் மூக்காலயா பேசுறேன்?"

"யாரு சொன்னது?"

"சீபர்ட் வெய்த். எங்க சர்ச் வாசல்ல செஞ்சே காட்டினான். அவன் செஞ்சது நல்லா இல்ல. உங்களது இன்னும் நல்லா இருக்கும்னு அவனே சொன்னான்."

அந்த வார்த்தைகளில் கோபம் இருந்திருந்தால் மேப்புக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். அவர் எழுந்து கதவு வரை போய், திரும்பி, முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டார். "அன்னிக்கு ஏன் என் பேரச் சொல்லல?"

"யார் பொறுப்புன்னு கேட்டாங்க. சரியான பதிலச் சொன்னேன்," என்றார் மிஸ் இன்னிஸ். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. மேப் எதிர்பாராத ஒன்று, நடுவில் மூன்று வரிசை முழுக்கத் தெரிந்த, பெண்கள் ஞாயிறன்று தேவாலயத்துக்கு அணியும் தொப்பிகள். லாஷ்லி பாட்டத்தார் பேருந்து பிடித்து வந்திருந்தார்கள். அவர்களை வெளியேற்ற வந்த பெண்ணுக்கு, அவரைத் தோற்கடித்த குடும்பங்கள் கைதட்ட வந்திருந்தன. சீபர்ட் வெய்த் எண்பது வயதில் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக இருந்தார். பாராட்டுரை வாசிக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவின் எண்ணும் வாசிக்கப்பட்டபோது வழக்கறிஞர்கள் தலையசைத்தார்கள். கழிவுத் தொட்டி விதி வந்தபோது தொப்பிகள் அசைந்தன. லாஷ்லி பாட்டம் வழக்கைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதை மேப் சொல்லிக்கொள்வார் என்று விட்டிருந்தார்கள்.

கெரியன் அவர் பெயரைச் சொன்னதுமே சிரிப்பு தொடங்கிவிட்டது. மேப் ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். பள்ளத்தையும் பாறையையும் வெயிலையும் சொன்னார். வழக்கம்போல் நன்றாகவே வந்தது. இறகணிந்து ஆடிய திங்கட்கிழமையைச் சொன்னபோது சீபர்ட் எழுந்து தொப்பியை எடுத்து வணங்க, அரங்கம் கைதட்டியது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "கண்ணாடிய மாட்டு மேப்!" என்று கத்தினார். மேப்பின் கை மூக்கு வரை உயர்ந்து, அங்கேயே நின்றது.

"மிஸ் இன்னிஸ் எங்கிட்ட என்ன சொன்னாங்கன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்," என்றார் தன் சொந்தக் குரலில். "அது நான் சொன்னது. அவங்க சொன்னது வேற. 'தரையில முளை அடிங்க மேப். வீட்ட நம்பாதீங்க, அது கிளம்பிடும்'னாங்க. பாறை கெட்டியா இருந்துச்சு. எனக்குக் கை வலிச்சுது. கதவுல அடிச்சது நான். எழுத்த மாத்துனதும் நான்."

கதைக்குப் புதிய வால் முளைத்திருக்கிறது என்று நினைத்துப் பாதி அரங்கம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பது அவருக்குக் கைவந்த பழக்கம். இம்முறை அவர் காத்திருக்கவில்லை.

"சிரிக்காதீங்க. இது கதை இல்ல. என் வேலை போயிடும்னு அவங்க என் பேரச் சொல்லல. ஒம்பது வருஷம் அவங்களுக்குப் பதவி வரல. நான் ஊர் ஊரா அவங்க குரல்ல பேசிச் சிரிக்க வச்சேன்."

சிரிப்பு ஒரே சமயத்தில் நிற்கவில்லை. முன்னாலிருந்து பின்னாலாக, வரிசை வரிசையாக அணைந்தது. ஒடெஸ்ஸா விசிறிக்கொண்டிருந்த நிகழ்ச்சி நிரல் அவள் மடியில் இறங்கியது. சீபர்ட் வெய்த் இன்னும் நின்றுகொண்டிருந்தார். உட்காரலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. மேப்பிடம் இன்னும் மூன்று நிமிடங்கள் மிச்சமிருந்தன, சொல்ல ஒன்றும் இல்லை. மேடையிலிருந்து கீழே மூன்று படிகள். இறங்கினால் எந்தப் பக்கம் போவது என்பதும் தெரியவில்லை.

முதல் வரிசையில் மிஸ் இன்னிஸ், தன் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான அந்த நாற்காலியிலிருந்து மேப்பின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.